சிஸ்டருக்கு டாக்டர் பட்டம் கிடைத்த பிறகு

மயிலாப்பூர் சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் அலுவலகம். தென்காசியில் படித்தவரானாலும் தருமபுரியில் படித்தவரானாலும், நர்ஸாக வேலை பார்க்க வேண்டுமென்றால் இந்தக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். சென்னை மாகாணத்தில் 1926-ல் வந்த செவிலியர், மருத்துவச்சியர் சட்டம்தான் அந்தப் பதிவேட்டின் வேர். வெள்ளைக்காரர் காலத்து ஏற்பாடு. இன்றும் ஒரு நர்ஸின் தொழில்வாழ்க்கை அந்தப் பதிவு எண்ணில்தான் தொடங்குகிறது. பி.எஸ்சி. முடித்தவர்கள் வருகிறார்கள். பிறகு எம்.எஸ்சி. முடித்துக் கூடுதல் படிப்பைப் பதியவும் வருகிறார்கள். அவர்களில் கொஞ்சம் பேர்தான் அடுத்து கிண்டிக்குப் போகிறார்கள். அங்கே அண்ணா சாலை மேலேயே தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கையில் பிஎச்.டி. விண்ணப்பம்.

நர்ஸுக்கு எதற்கு பிஎச்.டி. என்று வீட்டிலும் கேட்பார்கள், வார்டிலும் கேட்பார்கள். ‘ஊசி போடுவதற்கு ஆராய்ச்சி வேண்டுமா?’ என்பதுதான் அந்தக் கேள்வியின் அடியில் இருப்பது. வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நோயாளியின் பக்கத்தில் இருபத்து நாலு மணி நேரமும் இருப்பது நர்ஸ் ஒருவர்தான். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துபோகும் சில நிமிடங்களில் கண்ணில் படாத விஷயங்கள் அவர் கண்ணில் படுகின்றன. அவற்றைச் சரியாகக் கேள்வியாக்கி, அளந்து, நிரூபித்துக் காட்டும் பயிற்சிதான் பிஎச்.டி. ஆனால் அந்தப் பயிற்சியை முடித்தவர் மறுபடி கட்டிலருகே வந்து நிற்க நம் ஊரில் வழி வைக்கவில்லை. என் ஆதங்கமெல்லாம் அங்கேதான்.

கையுறையும் குதிகாலும்

ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட பெரியவர். கால் அசையாது. குதிகால் நாள் முழுக்க மெத்தையில் அழுந்திக் கிடக்கிறது. குதிகாலில் சதைப்பற்று குறைவு. எலும்புக்கும் தோலுக்கும் நடுவே பெரிதாக எதுவும் இல்லை. இரண்டு நாளில் தோல் சிவக்கும், கறுக்கும், பிறகு புண்ணாகும். பெட்சோர், அதாவது அழுத்தப் புண். இதைத் தடுக்க நம் வார்டுகளில் பல காலமாக ஒரு கைவைத்தியம் உண்டு. நர்ஸ் ஒரு ரப்பர் கையுறையை எடுத்து, குழாயில் தண்ணீர் பிடித்து, வாயை இறுக முடிச்சுப் போட்டு, குதிகாலுக்கு அடியில் வைப்பார். காசில்லாத மெத்தை. நோயாளியின் மகள் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவாள். சீனியர் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது, அவருக்கு அவருடைய சீனியர் சொல்லிக்கொடுத்தது.

அது பலன் தருகிறதா? அழுத்தப் புண்களுக்கான சர்வதேச வழிகாட்டி நெறிமுறை 2014-லேயே தண்ணீர் நிரப்பிய கையுறையைக் குதிகாலுக்கு வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அந்தச் சின்னப் பையால் குதிகாலை மெத்தையிலிருந்து உண்மையில் தூக்கி நிறுத்த முடியாது. கெண்டைக்கால் முழுக்கத் தலையணை கொடுத்து, குதிகால் எதன் மேலும் படாமல் காற்றில் நிற்கும்படி விடுவதுதான் சரி. இது தெரிந்த நர்ஸும் இருக்கிறார், தெரியாதவரும் இருக்கிறார். ஆனால் நம் வார்டில் தலையணைக்கே பஞ்சம் என்றால் என்ன செய்வது? ஒரு வார்டுக்கு எத்தனை தலையணை இருந்தால் எத்தனை புண்களைத் தடுக்கலாம்? வீட்டிலிருந்து அட்டெண்டர் கொண்டுவரும் பழைய போர்வையைச் சுருட்டிவைத்தால் போதுமா? அட்லாண்டாவிலோ லண்டனிலோ இருந்துகொண்டு ஒருவர் இதற்கு விடை கண்டுபிடித்துத் தரமாட்டார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது நர்சிங் பாடத்தில் மந்திரம் மாதிரி. 2013-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 942 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு மணி, மூன்று மணி, நான்கு மணி என்று மூன்று பிரிவாகப் பிரித்துப் புரட்டினார்கள். புண் வருவதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் எல்லாரும் அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்திருந்தவர்கள். நம் அரசு மருத்துவமனைக் கட்டிலில் ரெக்ஸின் போட்ட மெத்தை. மே மாதச் சென்னை வெயில். முதுகில் வேர்வை ஊறி உறை ஒட்டிக்கொள்கிறது. இங்கே நான்கு மணி நேரம் விடலாமா? விடலாம் என்று நிரூபணமானால், நைட் டூட்டியில் தனியாக நிற்கும் நர்ஸுக்கு எவ்வளவு பெரிய உதவி! கூடாது என்று நிரூபணமானால், ஆள் போதாது என்று அரசிடம் கேட்க அதுவே ஆதாரம். எந்தப் பதில் வந்தாலும் பயன் உண்டு. நல்ல பிஎச்.டி. கேள்விக்கு இதைவிட என்ன லட்சணம் வேண்டும்?

கிண்டிக்குப் போகும் வழி

பிஎச்.டி. என்ற ஓட்டத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்.எஸ்சி. நர்சிங் முடித்திருக்க வேண்டும். நுழைவுத் தேர்வு, நேர்காணல். கைடு ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். யு.ஜி.சி.யின் 2022-ம் ஆண்டு விதிமுறைப்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்குத்தான் கைடாக இருக்கலாம். இணைப் பேராசிரியர் 6 பேருக்கு, உதவிப் பேராசிரியர் 4 பேருக்கு. குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக 6 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். பெண்களுக்குக் கூடுதல் அவகாசம் உண்டு. பேறுகாலத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை விடுப்பு உண்டு. ஆராய்ச்சி முறைகள் பற்றிய பாடங்கள், அதற்குத் தேர்வு. பிறகு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். நோயாளிகளிடம் புதிய முறை ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வென்றால் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். 2018 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, முதல் நோயாளியைச் சேர்த்த பிறகு பதிய முடியாது. பைலட் ஸ்டடி, முழு ஆய்வு, புள்ளியியல், சினாப்சிஸ், தீசிஸ், கடைசியில் வைவா.

காகிதத்தில் பார்த்தால் வரிசையாக இருக்கிறது. நடைமுறையில் இந்த வரிசைக்குள் ஒரு குடும்பமும் ஒரு டூட்டி ரோஸ்டரும் நுழைந்துகொள்கின்றன. நர்சிங்கில் பிஎச்.டி. செய்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள், முப்பதைத் தாண்டியவர்கள், வேலையில் இருப்பவர்கள். பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆனால் வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். ஆராய்ச்சிக்கு நேரம் ஒதுக்கித் தருகிறோம் என்று நிர்வாகம் அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டு நேரம் கொடுக்காத நிர்வாகங்களைப் பற்றித் துறையில் யாரைக் கேட்டாலும் பெருமூச்சு வரும். சாம்பிள் சேகரிக்கப் போக வேண்டுமென்றால் வார விடுப்பு நாளில் போக வேண்டும். சாம்பிள் எடுக்கப்போகும் மருத்துவமனையில் நெறிமுறைக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடும். ஒரு திருத்தம் சொன்னால் இன்னும் மூன்று மாதம். கட்டணத்தையும் அச்சுச் செலவையும் புள்ளியியலாளருக்குத் தரும் பணத்தையும் பெரும்பாலும் கைக்காசிலிருந்துதான் போடுகிறார்கள். நிதியுதவி கிடைப்பது அரிது. யு.ஜி.சி. நடத்தும் நெட் தேர்வின் பாடப் பட்டியலில் நர்சிங் இல்லை என்பதால், மற்ற துறை மாணவர்கள் அந்த வழியில் பெறும் உதவித்தொகைக்கு இவர்களால் நேரடியாகப் போட்டியிட முடியாது.

இவ்வளவையும் தாண்டி ஒரு பெண் முடிக்கிறார் என்றால் அது சாதாரணக் காரியமில்லை. அதனால்தான் அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு வீணாகிவிடக் கூடாது என்று நான் இவ்வளவு கவலைப்படுகிறேன்.

‘தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனைகளில்’

மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மின்களஞ்சியத்திலும், நாடு முழுவதும் உள்ள ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்காவிலும் நர்சிங் ஆய்வேடுகளின் தலைப்புகளைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். ஒரு அச்சு தெரியும். இன்ன நோய் குறித்து, இன்னாருடைய அறிவின் மீது, திட்டமிட்ட கற்பித்தலின் பயனை மதிப்பிடும் ஆய்வு; இடம், சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனைகள். நோயின் பெயரை மாற்றலாம், ஆட்களை மாற்றலாம். அச்சு மாறாது. எம்.எஸ்சி. ஆய்வேடுகளில் இது மிக அதிகம். அந்தப் பழக்கம் பிஎச்.டி. வரை தொற்றிக்கொண்டு வருகிறது.

இந்த அச்சில் என்ன கோளாறு? முதலில் அறுபது பேரிடம் கேள்வித்தாள் கொடுப்பார்கள். பிறகு ஒரு வகுப்பு எடுப்பார்கள். ஏழு நாள் கழித்து அதே கேள்வித்தாளைக் கொடுப்பார்கள். மதிப்பெண் ஏறியிருக்கும். ஏறாமல் எப்படி இருக்கும்? வகுப்பு எடுத்தால் அறிவு கூடும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. அந்த அறிவு கூடிய தாய் ஆறு மாதம் கழித்துக் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுத்தாரா, சர்க்கரை நோயாளி காலில் புண் வராமல் பார்த்துக்கொண்டாரா என்பதுதான் தெரிய வேண்டிய விஷயம். ஆறு மாதம் பின்தொடர நேரமில்லை, பணமில்லை, ஆளில்லை. ஆகவே ஏழாம் நாள் கேள்வித்தாளோடு முடிந்துவிடுகிறது.

மாணவிகளைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. குறித்த காலத்துக்குள் முடிக்க வேண்டும், ஒரு மருத்துவமனையில் அனுமதி கிடைத்தாலே பெரிது, கைடே இதே அச்சில் பட்டம் வாங்கியவர் என்றால் அவர் என்ன செய்வார்? பாதுகாப்பான பாதையில்தான் போவார். நல்ல ஆய்வுகளும் நடக்கின்றன. வீட்டுக்குப் போன நோயாளியைத் தேடிப்போய்ப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், குலுக்கல் முறையில் சரியாகப் பிரித்துச் சோதித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விதிவிலக்காக இருப்பதுதான் வருத்தம்.

ஒரு மாணவியின் ஆய்வேடு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு மயிலாப்பூரிலேயே சாட்சி இருக்கிறது. 1985-86-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பட்டமேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தார் டாக்டர் செல்லப்பன் நிர்மலா. ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடியபோது, எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா என்று பார்க்கலாமே என்றார் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். இந்தியாவில் அது வரவே வராது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம். நிர்மலாவுக்கே பெரிய நம்பிக்கை இல்லை. பாலியல் தொழிலாளிகள் என்று பிடித்துவரப்பட்ட பெண்களை அடைத்துவைத்திருந்த விஜிலென்ஸ் ஹோம் மயிலாப்பூரில் இருந்தது. அங்கே போய் ரத்த மாதிரி எடுத்தார். மூன்று மாதத்தில் 80-க்கும் மேற்பட்ட மாதிரிகள். கையுறை இல்லை, பாதுகாப்புச் சாதனம் இல்லை. எடுத்த மாதிரிகளைச் சொந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். பரிசோதிக்கும் வசதி சென்னையில் கிடையாது. 1986 பிப்ரவரியில் ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார்கள். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. நாட்டின் எய்ட்ஸ் தடுப்புத் திட்டமே அந்தக் குப்பிகளுக்குப் பின்னால் வந்தது.

நிர்மலா நர்ஸ் அல்ல, டாக்டர். அவர் செய்தது பிஎச்.டி.யும் அல்ல. ஆனால் அன்றைக்கு அவரிடம் இருந்தது என்ன? பெரிய நிதி இல்லை, ஆய்வகம் இல்லை. கேள்வி உண்மையானதாக இருந்தது. விடை என்னவென்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. மாணவியிடம் கடினமான கேள்வியைக் கொடுக்கும் துணிச்சல் ஒரு பேராசிரியருக்கு இருந்தது. இந்த மூன்றாவது விஷயத்தை நம் நர்சிங் கைடுகள் மனதில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சேத்துப்பட்டிலிருந்து உலகுக்கு

இன்னொரு கதை இதைவிடப் பழையது, நர்சிங்குக்கு இன்னும் நெருக்கமானது. காசநோய் வந்தவரை சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைத்து, நல்ல சாப்பாடும் காற்றும் ஓய்வும் கொடுக்க வேண்டும் என்பதுதான் ஐம்பதுகள் வரை உலக வழக்கம். இந்தியாவில் அத்தனை கட்டில்களுக்கு எங்கே போவது? 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து செய்த ஏற்பாடு. நகரத்தின் ஏழைக் குடும்பத்து நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியம். மறு பாதிக்கு வீடு. இரண்டு தரப்புக்கும் ஒரு வருஷத்துக்கு ஒரே மாத்திரைகள்.

வீட்டில் இருக்கும் நோயாளி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று எப்படித் தெரியும்? அங்கேதான் சுகாதாரப் பார்வையாளர்களின் வேலை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போவார்கள். மீதமுள்ள மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பார்கள். சிறுநீர் வாங்கிவந்து சோதிப்பார்கள். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றியிருக்கிறதா என்று கவனிப்பார்கள். ஒரு வருஷ முடிவில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். நல்ல சாப்பாடு இல்லை, ஓய்வு இல்லை, நெருக்கடியான குடியிருப்பு; இருந்தும் இவ்வளவு நெருங்கி வந்தது. குடும்பத்தாருக்குத் தொற்றும் ஆபத்தும் கூடவில்லை. 1959-ல் முடிவுகள் வெளியாயின. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்குச் சென்னைக் குடிசைகளில் கதவு தட்டி மாத்திரை எண்ணியவர்களின் உழைப்பும் ஒரு காரணம். ஆய்வறிக்கையைப் பேசும்போது டாக்டர்களின் பெயர்களைச் சொல்கிறோம். கதவு தட்டியவர்களின் பெயர் பெரும்பாலும் வருவதில்லை. அந்த வேலைக்குத் தலைமை தாங்கும் நிலைக்கு நர்ஸ் வர வேண்டும் என்பதுதான் நர்சிங் பிஎச்.டி.யின் நியாயம்.

வெளிநாட்டில் அது நடந்திருக்கிறது. பிரிட்டனில் டோரீன் நார்ட்டன் என்ற நர்ஸ் 1962-ல் தன் குழுவோடு முதியோர் வார்டுகளை ஆராய்ந்து, யாருக்கு அழுத்தப் புண் வரும் என்று முன்கூட்டியே மதிப்பிடும் அளவுகோலைக் கொடுத்தார். அமெரிக்காவில் நர்ஸாக இருந்து சமூகவியல் படித்த லிண்டா எய்க்கென் 2002-ல் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதைக் காட்டினார். 2014-ல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளில் அதே அளவு வந்தது. பட்டப்படிப்பு படித்த நர்ஸுகளின் பங்கு 10 சதவீதம் கூடினால் அந்த வாய்ப்பு 7 சதவீதம் குறைவதும் தெரிந்தது. நர்ஸுகளின் எண்ணிக்கையைப் பற்றிய பேச்சை, கோரிக்கை மனுவிலிருந்து உயிர்க்கணக்காக மாற்றியது அந்த ஆய்வு. இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுப்படி கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர். நம் பெரிய அரசு மருத்துவமனை வார்டுக்கு இரவு பத்து மணிக்குப் போய் எண்ணிப் பார்த்தவர்களுக்கு இந்த அளவின் கதி தெரியும். எய்க்கென் போட்ட கணக்கைச் சென்னைக்குப் போட ஒரு நர்ஸ் முன்வந்தால், அது பத்துப் போராட்டங்களுக்குச் சமம்.

நம்மிடம் அடித்தளம் இல்லாமல் இல்லை. 1871-லேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நான்கு மாணவிகளோடு பயிற்சிப் பள்ளி தொடங்கியதாக நர்சிங் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1946-ல் நாட்டின் முதல் பி.எஸ்சி. நர்சிங் படிப்பு டெல்லியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் ஒரே சமயத்தில் வந்தது. வேலூர்க்காரர்களுக்குப் பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். 1959-ல் டெல்லியில் முதுகலை. இரண்டாயிரங்களின் நடுவில் இந்திய நர்சிங் கவுன்சிலும் பெங்களூரு ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகமும் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு பிஎச்.டி.க்கென ஒரு தேசியக் கூட்டமைப்பைத் தொடங்கின. கிண்டிப் பல்கலைக்கழகமும் பட்டம் தருகிறது.

பட்டம் வாங்கியவர் போகும் இடம்

கல்லூரி. ஏறக்குறைய எல்லாருக்கும் அதுதான். நர்சிங் கல்லூரி முதல்வராக எம்.எஸ்சி.யும் 15 ஆண்டு அனுபவமும் வேண்டும்; பிஎச்.டி. இருந்தால் நல்லது என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. ஆக, பட்டம் பதவி உயர்வுக்கான படியாகிறது. ஆசிரியப் பணியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நல்ல ஆசிரியர் இல்லாமல் நல்ல நர்ஸ் இல்லை. ஆனால் ஐந்து வருஷம் வலி நிவாரணத்தை ஆராய்ந்தவர், அதற்குப் பிறகு வலியில் துடிக்கும் ஒரு நோயாளியையும் பொறுப்பேற்றுப் பார்ப்பதில்லை. கல்லூரி ஒரு பக்கம், மருத்துவமனை ஒரு பக்கம். சம்பளப் பட்டியல் வேறு, மேலதிகாரி வேறு. வேலூர் சி.எம்.சி. போன்ற சில இடங்களில் ஆசிரியர்களே வார்டுப் பொறுப்பிலும் இருக்கும் வழக்கம் உண்டு. அரசு அமைப்பில் அப்படி இல்லை. வார்டில் ஸ்டாஃப் நர்ஸ் இருக்கிறார், அவருக்கு மேல் நர்சிங் சூப்பிரண்டு இருக்கிறார். ஆராய்ச்சி செய்யும் நர்ஸ் என்று ஒரு நாற்காலி கிடையாது.

வார்டில் இருப்பவர் ஆராய்ச்சிக்கு வருவதும் அதே அளவு கடினம். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி அரசுப் பணிக்கு வந்த ஒப்பந்த நர்ஸுகளுக்கு மாதச் சம்பளம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் தி.நகருக்குப் பக்கத்தில், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான நர்ஸுகள் திரண்டு உட்கார்ந்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அந்தப் போராட்டம் முடிந்தது. பிறகு சம்பளம் ஏறியது. ஆனால் ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவருக்கு அடுத்த வருஷம் எந்த ஊர், எந்த வார்டு என்பதே நிச்சயமில்லை. அவரிடம் போய், மூன்று வருஷம் பின்தொடரும் ஆய்வு செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆராய்ச்சி என்பது வேலை நிரந்தரத்தின் மேல் கட்டப்படும் விஷயம்.

கேள்விகளுக்கா பஞ்சம்? அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-ல் திறக்கப்பட்ட புற்றுநோய் நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். கதிர்வீச்சால் வாய் வெந்துபோனவர் எதைச் சாப்பிடலாம், எந்தத் தண்ணீரில் எத்தனை முறை கொப்பளிக்க வேண்டும் என்பது நர்ஸின் எல்லைக்குள் இருக்கும் விஷயம். ஊருக்குப் போன பிறகு அவருக்கு யார் சொல்வார்கள்? தொலைபேசியில் ஒரு நர்ஸ் வாரம் ஒரு முறை பேசினால் பாதியில் சிகிச்சையை விடுவது குறையுமா? திருவல்லிக்கேணி கஸ்தூரிபா மருத்துவமனையில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். பிறந்தவுடனேயே தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவைத்தால் எடை குறைந்த சிசுக்களின் மரணம் 25 சதவீதம் குறையும் என்று 2021-ல் டெல்லியும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்த ஆய்வு காட்டியது. அதை நம் பிரசவ வார்டில், சிசேரியன் முடிந்து வலியோடு படுத்திருக்கும் தாயை வைத்து, இடநெருக்கடியில் எப்படி நடத்துவது? அதைச் செய்துபார்த்துச் சொல்ல வேண்டியவர் நர்ஸ்.

என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. மந்தைவெளி, அபிராமபுரம், சாஸ்திரி நகர் அடுக்குமாடிகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் முதியவர்கள் ஏராளம். படுத்துவிட்டால் ஏஜென்சி மூலம் ‘ஹோம் நர்ஸ்’ வருவார். பல வீடுகளில் அந்தப் பெண் நர்சிங் படித்தவரல்ல. வறுமையால் ஊரைவிட்டு வந்தவர், சில நாள் பயிற்சி பெற்றவர். மூக்கில் குழாய் வழியாகக் கஞ்சி கொடுப்பதும், சிறுநீர்க் குழாயைப் பராமரிப்பதும், இன்சுலின் போடுவதும் அவர் கையில். படுக்கவைத்தே கஞ்சியை ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகலாம். தலைப் பக்கத்தை உயர்த்திவைத்து, குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டா செய்கிறார்? தெரியாமல் செய்தால் பழி அவர் மேல் விழும். பாதிப்பு பெரியவர் உடம்பில். 2024 பிப்ரவரியில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் முதியோருக்கான தேசிய மருத்துவ மையம் திறக்கப்பட்டிருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நர்ஸுகள் படுக்கையில் இருப்போரை வீடு தேடிப்போய்ப் பார்க்கிறார்கள். மருத்துவப் பல்கலைக்கழகமும் அதே கிண்டியில்தான். வீட்டுப் பராமரிப்பில் ஒரு பத்தாண்டு ஆராய்ச்சித் திட்டம் போடுவதற்கு இதைவிடத் தோதான இடம் நாட்டில் எங்கே கிடைக்கும்?

விண்ணப்பம் போட நினைக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். தலைப்பைத் தேடி நூலகத்துக்குப் போவதற்கு முன் உங்கள் வார்டில் ஒரு மாதம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு இருங்கள். ‘இதை ஏன் இப்படிச் செய்கிறோம்?’ என்று தோன்றும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். கைடின் பெயரைவிட அவருடைய பழைய மாணவிகள் என்ன ஆய்வு செய்தார்கள் என்று பாருங்கள். புள்ளியியலாளரிடம் தரவு சேர்த்த பிறகு ஓடாமல், சேர்ப்பதற்கு முன்பே உட்காருங்கள். எத்தனை பேர் வேண்டும் என்பதை அவர்தான் சொல்ல முடியும். ஒப்புதல் படிவத்தைப் படிக்கத் தெரியாத நோயாளிக்கு நீங்களே உட்கார்ந்து விளக்குங்கள், கைநாட்டு வாங்கும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். முடிவு வந்ததும் தீசிஸைப் பைண்டு செய்வதோடு நிறுத்தாமல், ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாக எழுதி, ஆய்வு நடந்த வார்டின் சிஸ்டர்களிடம் கொடுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. 1947-ம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் தேசிய நர்சிங், மருத்துவச்சியர் ஆணையச் சட்டம் வந்திருக்கிறது; மாநிலங்களும் ஆணையம் அமைக்க வேண்டும். விதிகளைப் புதிதாக எழுதும் சமயம் இது. தமிழ்நாடு அதற்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ராயப்பேட்டை, கஸ்தூரிபா, கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, ராஜீவ் காந்தி பொது மருத்துவமனை என்று ஐந்து இடங்களில் மட்டும், பிஎச்.டி. முடித்த நர்ஸ் ஒருவருக்கு நிரந்தரப் பணியிடம் ஒன்றை முதலில் உருவாக்கட்டும். பேராசிரியருக்குரிய சம்பளம், வாரத்தில் மூன்று நாள் வார்டு, மூன்று நாள் ஆராய்ச்சி, பிஎச்.டி. செய்ய விரும்பும் ஸ்டாஃப் நர்ஸுகளுக்கு வார்டிலேயே கைடு. அதோடு, பதிவு செய்த ஆராய்ச்சி மாணவிகளுக்கு வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுவிப்பு. ஐந்து பணியிடங்களுக்கு ஆகும் செலவு, அந்த மருத்துவமனைகளின் ஆண்டுச் செலவில் கண்ணுக்கே தெரியாது. ஓர் அரசாணை போதும்.